நெட்டி முறிக்கும் டாக்டர் உருவாகும் விதம்

கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, ‘மடக்’கென்று ஒரு சத்தம், படுத்திருப்பவர் முகத்தில் பெரும் நிம்மதி. இப்படிப்பட்ட கைரோபிராக்டிக் காணொளிகளைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. பார்ப்பவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இது ஏதோ மந்திரக் கை என்று வியப்பவர்கள் ஒரு பக்கம். நாட்டு வைத்தியர் சுளுக்கு எடுப்பதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெரிய பெயர், அவ்வளவுதான் என்று ஒதுக்குபவர்கள் மறுபக்கம். அந்த ஒரு நொடித் திருப்பத்துக்குப் பின்னால் ஒரு மாணவனோ மாணவியோ எதையெல்லாம் படித்துவிட்டு வருகிறார் என்பது இரண்டு கட்சிக்கும் பெரும்பாலும் தெரியாது. அந்தப் படிப்பு நீளமானது, கடினமானது, செலவும் அதிகம். அதன் குறை நேரத்திலோ உழைப்பிலோ இல்லை. அது நடக்கும் இடத்தில்தான் குறை. மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வெளியே, தன் சுவர்களுக்குள்ளேயே ஒரு நூற்றாண்டைக் கழித்த கல்லூரி, நல்ல கைகளை உருவாக்கிவிடும். அந்தக் கைகளுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க அதனால் முடிவதில்லை. இந்தப் படிப்பு பிறந்த அமெரிக்காவையும், அதை வேறு விதமாக அமைத்துக்கொண்ட ஐரோப்பிய நாடுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பில் சேரப் பொதுவாக மூன்று ஆண்டு இளநிலைக் கல்லூரிப் படிப்புக்குச் சமமான, அறிவியல் பாடங்கள் கலந்த தொண்ணூறு கிரெடிட்கள் வேண்டும். அதன்பின் ‘டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்’ பட்டத்துக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி. பல கல்லூரிகள் விடுமுறையைக் குறைத்து, ஆண்டுக்கு மூன்று பருவம் என்று பத்துப் பருவங்களில், அதாவது மூன்றரை ஆண்டுக்குள் இதை முடித்துவிடுகின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், நரம்பியல், எக்ஸ்ரே படிக்கும் கலை என்று முதல் பாதிப் பாடப் பட்டியல் எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் பழக்கமானதாகவே இருக்கும். சடலத்தை அறுத்துப் படிக்கும் வகுப்பும் உண்டு. படிப்பின் நடுவிலும் முடிவிலுமாகத் தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் நான்கு கட்டத் தேர்வுகள். அதற்குமேல் அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ். மருந்து எழுதும் உரிமை ஏறக்குறைய எங்குமே இல்லை, அறுவைச் சிகிச்சை கிடையாது. ‘வாரக்கடைசி வகுப்புக்குப் போய்விட்டு வந்து கழுத்தைத் திருப்புகிறார்கள்’ என்ற கேலி, குறைந்தபட்சம் முறையாகப் படித்தவர்களுக்குப் பொருந்தாது.

இந்தப் படிப்புக்கே உரிய உழைப்பு கைப்பயிற்சிக் கூடத்தில் இருக்கிறது. முதலில் தொடக் கற்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல்விளிம்பை இருபுறமும் தடவிப் பார்த்து, அதற்கு நேரே முதுகில் நான்காவது இடுப்பு முள்ளெலும்பு எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பது தொடக்கப் பாடம். காதுக்குக் கீழே, தாடையின் பின்புறமாக முதல் கழுத்தெலும்பின் பக்க முனையை விரல் நுனியால் உணர்வது அதைவிடக் கடினம். நோயாளிகளைத் தொடும் காலம் வரும்வரை மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் பழகுகிறார்கள். பழகாத கைகள் மாறி மாறித் திருப்பியதில் கழுத்து வலியோடு வீடு திரும்புவதும், அழுத்திய மணிக்கட்டில் வலி வருவதும் இந்தக் கல்லூரிகளில் சகஜம். அடுத்து வேகம். மூட்டை அதன் இயல்பான அசைவின் எல்லைவரை கொண்டுபோய், அங்கிருந்து மிகக் குறைந்த தூரத்துக்கு, நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் ஓர் உந்து. இடுப்புப் பகுதியில் இந்த உந்தின் விசை சுமார் 400 நியூட்டன். நாற்பது கிலோ எடை சட்டென்று வந்து அழுத்துவதற்குச் சமம். கழுத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். பழைய கல்லூரிகளில் ஸ்பிரிங் பொருத்திய மரப்பலகையில் குத்திக் குத்தி இந்த வேகத்தைப் பழகினார்கள். டொராண்டோவின் கனடிய மெமோரியல் கைரோபிராக்டிக் கல்லூரி போன்ற இடங்களில் விசையை அளக்கும் கருவி மேசைக்குள்ளேயே இருக்கிறது, மாணவர் தந்த உந்து திரையில் கோடாக ஏறி இறங்குவதை உடனே பார்க்கலாம். மரப்பலகை சொல்லித்தராத அளவை இந்தத் திரை சொல்லித்தருகிறது. அந்தச் சத்தத்தைப் பொறுத்தவரை, விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் ஒலி என்று பலரும் நினைக்கிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உருவாவதன் ஒலி அது. விரல் மூட்டில் இது நிகழ்வதை 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் எம்.ஆர்.ஐ. கருவியில் நேரடியாகவே படம் பிடித்துவிட்டார்கள். விரலில் நெட்டி முறிப்பதும் முதுகில் நெட்டி முறிப்பதும் அடிப்படையில் ஒன்றே.

இவற்றோடு இன்னொரு வகுப்பும் உண்டு. பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் ‘தத்துவம்’. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகருக்கு, 1895க்குப் போக வேண்டும். கனடாவில் பிறந்த டி.டி. பாமர் அங்கே காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த ஹார்வி லிலார்ட் என்பவருக்குக் காது சரியாகக் கேட்காது. அவருடைய முதுகில் ஒரு முள்ளெலும்பைத் தள்ளிச் சரிசெய்ததும் கேட்கும் திறன் திரும்பியது என்றார் பாமர். செவி நரம்பு காதிலிருந்து மண்டை ஓட்டுக்குள்ளேயே மூளைக்குப் போகிறது, முதுகுப் பக்கம் வருவதே இல்லை என்பதை எந்த உடற்கூறியல் மாணவரும் எடுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நாளிலிருந்தே ஒரு கொள்கை வளர்ந்தது: முள்ளெலும்புகள் சற்று விலகி நரம்புகளைத் தடுக்கின்றன, உடலுக்குள் இருக்கும் இயற்கை அறிவாற்றல் அதனால் முழுமையாகப் பாய முடிவதில்லை, நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தும் இதனால் வருபவையே. இந்த விலகலுக்குப் பெயர் சப்லக்ஸேஷன். பாமர் 1897இல் பள்ளி தொடங்கினார். அவருடைய மகன் பி.ஜே. பாமர் அதை ஆயிரக்கணக்கானோர் படிக்கும் நிறுவனமாக்கினார், சொந்தமாக வானொலி நிலையம்கூட வாங்கி நடத்தினார். காலையில் நோயியல் வகுப்பில் பாக்டீரியாவையும் புற்றுநோயையும் படிக்கும் மாணவர், அதே கட்டடத்தில் மாலையில் இந்தக் கொள்கையையும் படிக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கல்லூரிகளும் ஒரே அளவில் இதை வலியுறுத்துவதில்லை. சில இடங்களில் இது வரலாற்றுப் பாடமாகச் சுருங்கிவிட்டது, சில இடங்களில் இன்னமும் கல்லூரியின் உயிர்நாடி. எந்த வகைக் கல்லூரியில் சேர்கிறோம் என்பது பல மாணவர்களுக்குச் சேர்ந்த பிறகுதான் விளங்குகிறது.

தத்துவம் ஏதோ ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே, கைத்திறன் உண்மைதானே என்று கேட்கலாம். கைத்திறன் உண்மைதான். ஆனால் அந்தக் கை எதைத் தேடுகிறது என்பதை நிர்ணயிப்பது தத்துவம். எந்த முள்ளெலும்பில் அசைவு குறைந்திருக்கிறது என்று தொட்டே சொல்ல மாணவருக்குப் பல பருவங்கள் பயிற்சி தருகிறார்கள். தேர்ந்த இருவர் ஒரே முதுகைத் தனித்தனியே சோதித்தால், அவர்கள் சொல்லும் இடங்கள் ஒத்துப்போவது தற்செயலைவிட அதிகம் மேலானதல்ல என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன. குறிவைத்த மூட்டில்தான் நெட்டி முறிகிறதா என்று 2004இல் கனடாவில் கருவி வைத்துப் பார்த்தார்கள். இடுப்புப் பகுதியில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் குறி தப்பவில்லை. சரியான இடத்தைத் தேர்ந்தெடுத்து உந்தினால் வலி கூடுதலாகக் குறைகிறதா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, இருக்கும் ஆய்வுகளையெல்லாம் 2021இல் தொகுத்துப் பார்த்தபோது, வித்தியாசம் தென்படவில்லை. அப்படியென்றால் சிகிச்சையே வீண் என்று பொருளல்ல. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு முதுகெலும்பு உந்து சிகிச்சை ஆறு வாரம்வரை ஓரளவு வலியைக் குறைக்கிறது என்று 26 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை 2017இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டியும் மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்க வழிகளில் ஒன்றாக இதைச் சேர்த்துக்கொண்டது. ஆக, கிடைக்கும் பலன் உண்மை, ஆனால் சிறியது. நீண்டநாள் வலியில் உடற்பயிற்சி போன்ற பிற சிகிச்சைகளின் அளவுக்கே நிற்கிறது. மில்லிமீட்டர் கணக்கில் குறிபார்த்துத் தள்ளுவதால் வரும் பலனாக மட்டும் அது தெரியவில்லை. பல பருவங்களை அந்தக் குறிபார்த்தலுக்கே செலவிட்ட மாணவருக்கு இது கசப்பான செய்தி.

அடுத்தது, அந்த மாணவர் யாரைப் பார்த்துப் பழகுகிறார் என்பது. கடைசிப் பருவங்களில் கல்லூரியின் சொந்தப் புறநோயாளிக் கூடத்தில் பயிற்சி. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் சாதாரண முதுகுவலிக்காரர்கள், சக மாணவர்கள், அவர்களுடைய உறவினர்கள். தனக்கு வேண்டிய எண்ணிக்கையில் நோயாளிகளை மாணவரே தேடிக் கூட்டிவரும் நிலையும் பல இடங்களில் உண்டு. முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோய், முள்ளெலும்புகளுக்கிடையே சீழ் பிடித்த தொற்று, சிறுநீர் கட்டுப்பாட்டையே பறித்துவிடும் நரம்புக் கற்றை அழுத்தம், வயிற்றுத் தமனி வீங்கியதால் வரும் முதுகுவலி ஆகியவற்றையெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார். நேரில் ஒன்றைக்கூடப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடவும் முடியும். குளத்திலேயே நீந்திப் பழகியவருக்கு ஆற்றின் சுழல் தெரியாது. மருத்துவப் பட்டதாரி அமெரிக்காவில் தனியாகச் சிகிச்சை தருமுன் மருத்துவமனையில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ உள்ளுறைப் பயிற்சி பெறுவது வழக்கம். கைரோபிராக்டருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை; பட்டம் வாங்கிய ஆண்டிலேயே சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். இரண்டு படிப்புகளின் வகுப்பறை மணி நேரங்களைப் பக்கத்தில் வைத்து, ‘பார்த்தீர்களா, சமம்’ என்று கல்லூரிகள் காட்டும் அட்டவணை இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறது.

பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதில் ஆசையைவிட அவசரமே அதிகம். தனியார் கல்லூரிக் கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். தங்கும் செலவும் வட்டியும் தனி. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்கில் 2023இல் கைரோபிராக்டரின் நடுமட்ட ஆண்டு வருமானம் சுமார் 76,000 டாலர். மருத்துவப் படிப்புகளுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் தந்த பழைய திட்டத்தில், திருப்பிக் கட்ட முடியாமல் பெயர் வெளியிடப்பட்டவர்களில் மிகப் பெரிய பங்கு கைரோபிராக்டர்களுடையது. இப்படிக் கடனோடு வெளியே வருபவரிடம் ‘இடுப்பு வலிக்கு ஆறேழு முறை வாருங்கள், பிறகு உடற்பயிற்சி போதும்’ என்ற அடக்கமான சிகிச்சையும் இருக்கிறது; ‘வலி இல்லாவிட்டாலும் ஆயுள் முழுக்க மாதாமாதம் வந்து சப்லக்ஸேஷனைச் சரிசெய்துகொள்ளுங்கள், குழந்தையையும் கூட்டி வாருங்கள்’ என்ற அகலமான கொள்கையும் இருக்கிறது. கடன்காரருக்கு எது வசதி என்று விளக்க வேண்டியதில்லை. பழைய கொள்கை வாழ்வது வெறும் பிடிவாதத்தால் அல்ல, அது வாடகையும் வட்டியும் கட்டுகிறது. மாணவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது. அவரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று பார்ப்பதே நியாயம்.

இந்த இடத்தில் கைரோபிராக்டர்கள் ஒரு நியாயமான எதிர்வாதம் வைப்பார்கள். ‘நாங்களாகவா வெளியே நின்றோம்? உள்ளே விடாதது யார்?’ அதில் உண்மை நிறையவே இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் போலி மருத்துவ ஒழிப்புக் குழு ஒன்றை அமைத்து, இந்தத் தொழிலையே இல்லாமல் செய்யப் பாடுபட்டது. கைரோபிராக்டரோடு தொழில்முறை உறவு வைத்துக்கொள்வது மருத்துவருக்கு ஒழுக்கக்கேடு என்று அதன் விதி பல ஆண்டுகள் சொல்லிவந்தது. செஸ்டர் வில்க் முதலான சில கைரோபிராக்டர்கள் 1976இல் வழக்குத் தொடுத்தார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், சங்கம் நடத்தியது சட்டவிரோதமான புறக்கணிப்பு என்று தீர்ப்பளித்தார். கைரோபிராக்டிக் அறிவியல்பூர்வமானதா என்பதைத் தாம் தீர்மானிக்கவில்லை என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். வெற்றி விழாக்களில் இந்தப் பகுதி அதிகம் நினைவுகூரப்படுவதில்லை. வெளியே தள்ளப்பட்டதற்கு மருத்துவச் சங்கம் பொறுப்பு என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். உண்மையில் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது: ஒரு தொழிலை மருத்துவமனைக்கு வெளியே பூட்டிவைத்தால் அதன் மாணவர்கள் எதை இழப்பார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் கதவு திறந்து முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சப்லக்ஸேஷன் என்பது வரலாற்றுக் கருத்து மட்டுமே, நோய்க்கு அது காரணம் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை என்று பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சில் 2010இலேயே அறிவித்துவிட்டது. அதன்பிறகும் அதைக் கோட்பாடாகவே கற்பிக்கும் கல்லூரி, பழி முழுவதையும் பழைய எதிரி மேல் போட முடியாது.

கழுத்துத் திருப்பத்தால் தமனி கிழிந்து பக்கவாதம் வருகிறது என்ற குற்றச்சாட்டுக்கும் அவர்களிடம் பதில் உண்டு. ஒன்டாரியோ மாநிலத்தின் மக்கள்தொகைத் தரவுகளை வைத்து 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வில், இந்த வகைப் பக்கவாதம் வந்தவர்கள் அதற்கு முன் கைரோபிராக்டரிடம் போயிருந்ததைப் போலவே குடும்ப மருத்துவரிடமும் போயிருந்தார்கள். ஆகவே தமனி முன்பே கிழியத் தொடங்கியிருக்கலாம், அந்த வலிக்காகவே அவர்கள் சிகிச்சை தேடிப் போயிருக்கலாம் என்பது விளக்கம். இந்த விளக்கத்தை ஒப்புக்கொண்டே மேலே யோசிப்போம். தமனி கிழிந்துகொண்டிருக்கும் ஒருவர் சாதாரணக் கழுத்துவலி, தலைவலியோடு மேசையில் வந்து படுக்கிறார் என்றால், அவரை மற்ற நூறு பேரிடமிருந்து பிரித்தறிந்து, கழுத்தைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்புவதே உயிர்காக்கும் திறன். மிகவும் அரிதாக வரும் அந்த ஒருவரை அடையாளம் காண, அப்படிப்பட்டவர்கள் வந்து சேரும் இடத்தில் பழகியிருக்க வேண்டும். தொழிலைக் காக்கச் சொல்லப்படும் வாதம், தொழிற்கல்வியை மாற்றச் சொல்லும் வாதமாகவே வந்து முடிகிறது.

மாற்ற முடியும் என்பதற்கு டென்மார்க் சாட்சி. ஓடென்சேயில் உள்ள தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் இது ஐந்தாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு. தொடக்க ஆண்டுகளில் பெரும்பகுதி மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே தேர்வு எழுதுகிறார்கள். படிப்பு முடிந்தபின் ஓராண்டு மேற்பார்வையில் பணி. உள்நாட்டு மாணவருக்குக் கட்டணம் இல்லை. ஆகவே கடனை அடைக்க ஆயுள் சந்தா நோயாளிகளைத் தேடும் அவசரமும் குறைவு. சுவிட்சர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மருந்தாளுநர் ஆகியோரோடு கைரோபிராக்டரையும் ஒரே சட்டத்தின்கீழ் மருத்துவத் தொழிலாக வைத்திருக்கிறது. சூரிக் பல்கலைக்கழக மருத்துவப் புலத்திலேயே 2008 முதல் இதைக் கற்பிக்கிறார்கள். இதனால் விளைந்தது என்ன? சரியான முள்ளெலும்பைத் தேர்ந்தெடுப்பதால் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2021இல் எழுதியவர்கள் வெளியாட்கள் அல்லர், கைரோபிராக்டிக்கின் எதிரிகளும் அல்லர். டென்மார்க்கில் இயங்கும் கைரோபிராக்டிக் ஆய்வாளர்களே முன்னின்று செய்த வேலை அது. உலக மருத்துவர்கள் கவனித்துப் படித்த லான்செட் இதழின் 2018ஆம் ஆண்டு இடுப்புவலிக் கட்டுரைத் தொடரின் முன்னணி ஆசிரியர்களில் ஒருவரான யான் ஹார்ட்விக்சனும் அதே ஓடென்சேயில் பணியாற்றும் கைரோபிராக்டர்தான். தன் தொழிலின் அடிப்படை நம்பிக்கையைத் தானே கேள்வி கேட்கும் மாணவர் பல்கலைக்கழகத்தில் வளர்கிறார். கட்டணத்தை நம்பி வாழும் தனிக் கல்லூரிக்கு அந்தக் கேள்வி வருமானத்தையே குறைக்கும்.

டென்மார்க் சிறிய நாடு, அரசுப் பணத்தில் நடப்பது, அமெரிக்காவுக்கு எப்படிப் பொருந்தும் என்பார்கள். முழுமையாகப் பொருந்தாதுதான். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் கல்லூரி தொடங்கும் திட்டத்தை 2005இல் அம்மாநிலப் பல்கலைக்கழக ஆளுநர் குழு நிராகரித்தபோது, எதிர்த்தவர்களில் அங்கிருந்த பேராசிரியர்களும் இருந்தார்கள். போலி அறிவியலுக்கு இடம் தருவதா என்று கேட்டார்கள். கேள்வி புரிகிறது, முடிவு தவறு என்பது என் எண்ணம். உள்ளே அழைத்துச் சோதித்திருந்தால் கொள்கைதான் வெளியேறியிருக்கும். மறுபக்கம், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் கைரோபிராக்டர்களை வேலைக்கு எடுக்கின்றன, 2014 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு உள்ளுறைப் பயிற்சியும் தருகின்றன. இடங்கள் மிகச் சில. ஆனால் அங்கே நுழைபவர் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், வலிநிபுணர் எல்லோரோடும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசுகிறார், தான் செய்ததை ஏட்டில் எழுதிப் பிறருக்குக் கணக்குக் காட்டுகிறார். பெரிய நாட்டிலும் இது நடக்கும் என்பதற்கு அது போதும்.

நம் பக்கம் வந்தால், மலேசியாவில் ஐ.எம்.யு. பல்கலைக்கழகம் இந்தப் பட்டப்படிப்பை நடத்துகிறது. அந்நாட்டில் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கென 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். மருத்துவரைப் பதிவுசெய்வதுபோல் கைரோபிராக்டருக்கென்று தனிக் கவுன்சில் இல்லை. ஆகவே பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் 4,200 மணி நேரமும் இருக்கலாம், நாலு காணொளியும் இருக்கலாம். எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு, மருத்துவமனையில் பழகினீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். உண்மையாகப் படித்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். இடுப்பு வலிக்கு சில முறை வரச் சொல்லி, உடற்பயிற்சியும் சொல்லித்தந்து, காய்ச்சல், எடைக்குறைவு, கால் மரத்தல், சிறுநீர்க் கோளாறு உண்டா என்று விசாரிப்பவரிடம் முதுகைக் கொடுக்கலாம். குழந்தையின் வயிற்றுவலிக்கும் பெரியவரின் சர்க்கரை நோய்க்கும் கழுத்தெலும்புதான் காரணம் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.